நாலு பேர் கூடிப் படித்தால்: உயர்நிலை வகுப்பில் வாசிப்பும் கலந்துரையாடலும்

முதலில் இந்த ஒரு வரியைப் படியுங்கள்: “மாலையில் வெலுசோரம் நடந்த நிமுட்டி, திமுளையைக் கண்டதும் சாமுற்றது.”

இப்போது மூன்று கேள்விகள். நிமுட்டி எங்கே நடந்தது? வெலுசோரம். எதைக் கண்டது? திமுளையை. கண்டதும் என்ன செய்தது? சாமுற்றது. மூன்றுக்கும் முழு மதிப்பெண். ஆனால் வெலுசு, நிமுட்டி, திமுளை, சாமுறுதல் என்று தமிழில் எதுவும் கிடையாது. எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் சரியாக இருந்துவிட்டால் போதும். பொருளே இல்லாத வாக்கியத்திலிருந்துகூட விடையைப் பிய்த்து எடுத்துவிடலாம்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் பாடப்புத்தகத்தை இப்படித்தான் படிக்கிறார்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்கள். கேள்வியில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதி நீட்டுவார்கள். நாமும் சரி என்று குறி போட்டுவிடுவோம். “நீ படித்ததை உன் தம்பிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்” என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும்.

எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒரு திறன், ஒலித்ததைப் புரிந்துகொள்வது இன்னொரு திறன். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: வாசிப்பு என்பது எழுத்தறிதலையும் மொழிப்புரிதலையும் பெருக்கி வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஓரளவு நேரானது. எழுத்துகளைக் கற்றுக்கொண்ட பிள்ளை தெரியாத சொல்லையும் வாய்விட்டு ஒலித்துவிடும். அதனால் முதல் திறன் சீக்கிரம் வந்துவிடுகிறது. இரண்டாவது வராமலே போனாலும் வெளியே தெரிவதில்லை. ஆறாம் வகுப்புக்குப் பிறகு அறிவியல், வரலாறு, குடிமையியல் எல்லாமே பத்தி பத்தியாக வந்து இறங்கும்போதுதான் குறை வெளிப்படும். அப்போதும் நாம் அதற்குக் கவனக்குறைவு என்றோ சோம்பல் என்றோ பெயர் வைத்துவிடுகிறோம்.

புரிந்துகொள்வதை யாராவது கற்றுக்கொடுக்கிறார்களா என்ற கேள்வியோடு, இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொலோரஸ் டர்கின் 1970களின் கடைசியில் அமெரிக்க வகுப்பறைகளில் போய் உட்கார்ந்தார். நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடவேளைகளில் 4,469 நிமிடங்களைக் குறிப்பெடுத்தார். அதில் புரிந்துகொள்ளும் வழியைக் கற்பித்ததற்குச் செலவான நேரம் 20 நிமிடம். மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்பது, விடையைச் சரிபார்ப்பது, பயிற்சித்தாள் கொடுப்பது என்று போயிருந்தது. புரிந்ததா என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள்; எப்படிப் புரிந்துகொள்வது என்று யாரும் காட்டவில்லை. நீச்சல் தெரியுமா என்று நாள்தோறும் கிணற்றில் இறக்கிப் பார்ப்பதைப் போன்றது இது. அந்த எண்களைப் படித்த நாளில் என் பாடக்குறிப்பு ஏட்டைத் திறந்து பார்த்தேன். என் கணக்கும் அதைவிடப் பெரிதாக இல்லை.

அதே பல்கலைக்கழகத்தில் இருந்த ஆன்மேரி பலின்க்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தக் கட்டுரையின் மையம். எழுத்துக்கூட்டி நன்றாகப் படித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பத்தி பத்தியாகச் சேர்ந்து படித்து, ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நின்று பேசினார்கள். முதலில் ஆசிரியர் பேச்சை நடத்திக் காட்டுவார். பிறகு ஒரு பத்திக்கு ஒரு மாணவர் ஆசிரியரின் இடத்தில் இருந்து நடத்துவார். ஆசிரியர் பக்கத்தில் இருந்து கை கொடுப்பார். சுமார் 20 பள்ளி நாட்கள் இப்படி நடந்தது. முன்னேற்றம் நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது சுற்றில் ஆய்வாளர்கள் விலகிக்கொண்டு பள்ளி ஆசிரியர்களையே நடத்தச் சொன்னபோதும் அது நிலைத்தது. ஆய்வுக்கூடத்தில் பலிக்கும் பல முறைகள் மணி அடிக்கும் வகுப்பில் தோற்றுப்போகும் என்பதால், எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் படுகிறது.

தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஏதும் வரவில்லை. நான் ‘முறை வைத்துக் கற்பித்தல்’ என்று சொல்லிக்கொள்கிறேன். தண்ணீர் குறைந்த காலத்தில் வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சுவார்கள் அல்லவா, அதுபோல இங்கே ஆசிரியர் வேலை முறை வைத்து மாணவர் கைக்குப் போகிறது.

நல்ல வாசகர் ஒருவர் படிக்கும்போது மனத்துக்குள் சில வேலைகளைச் சத்தமில்லாமல் செய்கிறார். அந்த வேலைகளை வெளியே எடுத்து, வாயால் பேசச் செய்வதே இந்த முறை. நான்கு வேலைகள்: படித்ததைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது.

சுருக்கிச் சொல்வதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: பத்துச் சொல்லுக்குள் அடங்க வேண்டும். இந்த எல்லை இல்லாவிட்டால் பிள்ளைகள் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். பத்துச் சொல் என்றால் எதை விடுவது என்று யோசித்தே தீர வேண்டும்.

ஊகிப்பது எளிது, பிள்ளைகளுக்குப் பிடித்ததும்கூட. ஒரே ஒரு எச்சரிக்கை: ஊகத்துக்குப் பத்தியிலிருந்து ஒரு காரணம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது குறி சொல்வதாகிவிடும்.

கேள்வி கேட்பதில்தான் நிறைய உழைக்க வேண்டும். கேட்கச் சொன்னவுடன் பிள்ளைகள் கேட்பதெல்லாம் நிமுட்டிக் கேள்விகள்: யார், எங்கே, எப்போது. டாஃபி ரஃபேல் என்ற ஆய்வாளர் 1980களில் கேள்விகளை விடை கிடைக்கும் இடத்தை வைத்துப் பிரித்தார். நான் அதை வகுப்பில் இப்படிச் சொல்வேன்: விடை ஒரே வரியில் இருக்கிறதா, பல வரிகளைச் சேர்த்தால் கிடைக்குமா, எழுதியவர் சொன்னதோடு நமக்குத் தெரிந்ததையும் சேர்க்க வேண்டுமா, அல்லது புத்தகத்தை மூடிவிட்டே பதில் சொல்லிவிடலாமா? பிள்ளைகள் தங்கள் கேள்வியின் பக்கத்தில் ‘வரி’, ‘பல வரி’, ‘வரியும் நானும்’, ‘நான்’ என்று குறித்துக்கொள்வார்கள். முதல் வாரத்தில் பக்கம் முழுக்க ‘வரி’யாகவே இருக்கும். மூன்றாம் வாரத்தில் ஒரு ‘வரியும் நானும்’ வந்தால் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, பாடவேளை முடியும்வரை அழிக்க மாட்டேன்.

தெளிவாக்குவது என்றால் அருஞ்சொற்பொருள் எழுதுவது என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களில் அருஞ்சொல் ஒரு பகுதிதான். உண்மையான இடறல் பெரும்பாலும் மிகச் சாதாரணமான சொற்களில் இருக்கிறது: அது, இது, இதனால், அவ்வாறு, மேற்கண்ட. ‘இதனால்’ என்றால் எதனால்? முந்தைய வரியா, முந்தைய பத்தி முழுவதுமா? இன்னொரு இடறல் நம் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். நடுவில் எச்சங்கள் வரிசை கட்டி நிற்கும்: வந்து, கண்டு, அஞ்சி, விலகிச் செல்லும்போது என்று. பாடநூலில் நான்கு வரிக்கு நீளும் ஒரு வாக்கியத்தில், முடிவில் வினை வருவதற்குள் பிள்ளைக்கு எழுவாய் மறந்துபோகும். அதற்கு நான் செய்வது, பென்சிலை எடுத்து எழுவாயிலிருந்து வினைமுற்றுக்கு ஒரு வளைகோடு இழுக்கச் சொல்வது. நடுவில் இருப்பதைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் படித்தால் வாக்கியத்தின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். அதன்பிறகு சதையை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு பத்தியை எடுத்து நடத்திக் காட்டுகிறேன். ஒன்பதாம் வகுப்புக்காக நானே எழுதியது இது:

“ஏரிக்கரையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மதகு, வேண்டும்போது திறந்து வயலுக்கு நீர் விடலாம். மற்றொன்று கலங்கல், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டியது. ஏரி நிறைந்து மிகும் நீர், கரையை உடைக்காமல் இதன் வழியே வழிந்து, கால்வாயில் இறங்கி, கீழே உள்ள ஏரியை அடையும். இதை ஓர் அடி உயர்த்தினால் மேலூரின் ஆயக்கட்டுக்குக் கூடுதல் நீர் கிடைக்கும். ஆனால் அந்த முடிவை மேலூர் மட்டும் எடுத்துவிட முடியாது.”

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நடத்தும் முறை ஒரு மாணவிக்கு. “யாராவது சுருக்கிச் சொல்லுங்கள்” என்றாள். ஒருவன் சொன்னான்: “ஏரியில் நல்ல தண்ணீருக்கு ஒரு வழி, கலங்கிய தண்ணீருக்கு ஒரு வழி.” மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

கலங்கல் என்ற சொல்லை அவன் கலங்கிய நீர் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். அது தவறென்று சட்டென்று சொல்லவும் முடியாது. தமிழில் அந்தப் பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அவன் வாசித்ததில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. வழக்கமான வினாத்தாளில் “கலங்கல் எதனால் கட்டப்பட்டது?” என்று கேட்டிருந்தால் “கல்லால்” என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பான். சுருக்கிச் சொல்லச் சொன்னதால்தான் பிழை வெளியே வந்தது. இந்த முறையின் மேல் எனக்குள்ள மதிப்பு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது: புரியாமை, புரிந்ததாகத் தோன்றும் முகமூடியைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நிற்கும்.

நான் வாயைத் திறக்கவில்லை. நடத்திய மாணவி, “கலங்கிய தண்ணீர் என்றால் அதைக் கல்லால் எப்படிக் கட்டுவார்கள்?” என்று கேட்டாள். குழு மறுபடி படித்தது. இதுவரை பேசாமல் இருந்த மாணவன் அப்போது சொன்னான்: “எங்கள் ஊரில் அதைக் கலுங்கு என்பார்கள். ஏரி நிறைந்தால் அதன்மேல் தண்ணீர் வழியும். நாங்கள் அங்கேதான் மீன் பிடிப்போம்.” எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுபவன் அவன். மற்ற மூவருக்கும் ஏரி என்றால் புத்தகப் படம். அவனுக்குத் தினமும் கடக்கும் இடம். ஒரு நோட்டுத்தாளில் கரையை வரைந்து, கலுங்குக்கு ஒரு பள்ளம் போட்டுக் காட்டினான். பிறகு “இதை ஓர் அடி உயர்த்தினால்” என்ற வரியில் ‘இதை’ என்பது கரையையா கலங்கலையா என்று இரண்டு நிமிடம் வாதாடினார்கள். ‘இதன் வழியே’ என்று முந்தைய வரியில் வந்ததோடு சேர்த்துப் பார்த்துக் கலங்கல்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். ‘ஆயக்கட்டு’ மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அதை நான் சொன்னேன்: ஓர் ஏரியின் நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு. எல்லாவற்றையும் குழுவே கண்டுபிடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பயன் இல்லை. பத்தியில் விடை இல்லாத சொல்லுக்குப் பொருளைச் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான்.

அந்த மாணவனுக்கு நடந்ததை ஒரு புகழ்பெற்ற ஆய்வோடு சேர்த்துப் பார்க்கலாம். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வாசிப்பில் வல்லவர்கள் பாதி, திணறுபவர்கள் பாதி. இரு பிரிவிலும் ஆட்டம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சம அளவில். சிறு மாதிரி மைதானத்தில் மரப்பொம்மைகளை நகர்த்தி, படித்ததை நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் திணறினாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் வல்லவராக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட்டை வைத்துக்கொள்ளுங்கள்: ‘மிட் ஆஃப்’, ‘யார்க்கர்’ எதுவும் தெரியாத ஒருவர் எவ்வளவு நல்ல வாசகராக இருந்தாலும் விளையாட்டுப் பக்கத்துச் செய்தியில் என்ன பிடிபடும்?

ஆகவே உத்திகளை மட்டும் பழக்கினால் போதாது. பொருளறிவும் சேர்ந்து வளர வேண்டும். வாரம் ஒரு தலைப்பு என்று தாவாமல், ஒரே தலைப்பில் மூன்று நான்கு பத்திகளை அடுத்தடுத்துப் படிப்பது அதனால்தான் நல்லது. ஏரி என்றால் ஒரு மாதம் ஏரி: கரை, குடிமராமத்து, வரத்துக் கால்வாய், ஆகாயத்தாமரை, ஏரியில் வந்து இறங்கும் பறவைகள். முதல் பத்தியில் தெளிவாக்கிக்கொண்ட சொல் மூன்றாம் பத்தியில் படிக்க உதவும்.

இனி கலந்துரையாடலுக்கு வருகிறேன். நம் வகுப்பில் ‘பேச்சு’ என்று நடப்பது என்ன? ஆசிரியர் கேட்பார், ஒரு மாணவர் சொல்வார், ஆசிரியர் “சரி, உட்கார்” என்பார். அடுத்த கேள்வி. ஹியூ மீஹன் 1979இல் இந்த மூன்று படி ஓட்டத்தை விரிவாக விளக்கினார். உலகெங்கும் வகுப்பறைகளின் இயல்பு நடை இதுதான். மனப்பாடத்தைச் சரிபார்க்க இது போதும். ஆனால் இதில் மாணவர் மற்றொரு மாணவரோடு பேசவே மாட்டார். எல்லாப் பந்தும் ஆசிரியர் கைக்கே திரும்பி வரும்.

அதை மாற்ற முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிகூட இல்லை. அதை மூன்று வினாடியாக்கியபோது விடைகள் நீண்டன, “தெரியாது” குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். மூன்று வினாடி என்பது கேட்கச் சிறிது. 42 பிள்ளைகள் முன்னால் நின்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் கைக்குள் மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்குவேன். விடை வந்தபின்னும் இன்னொரு மூன்று வினாடி காக்க வேண்டும். அந்த இரண்டாவது இடைவெளியில்தான் இன்னொரு பிள்ளை, “இல்லை ஐயா, எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது” என்று தொடங்கும்.

அடுத்தது இருவர் பேச்சு. கேள்வியைக் கேட்டதும் தனியாக ஒரு நிமிடம் யோசிப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் சொல்வது, பிறகு வகுப்புக்குச் சொல்வது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லைமன் 1981இல் இதை எழுதினார். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், பெஞ்சை நகர்த்தவும் வேண்டாம். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது பெரிய துணை. நாற்பது பேர் முன்னால் சொல்லப் போவதை ஒருவரிடம் ஒரு முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டதல்லவா?

மூன்றாவது, மொழி. நம் பிள்ளைகளுக்கு மறுத்துப் பேசத் தெரியாமல் இல்லை. விளையாட்டு மைதானத்தில் கேட்டுப் பாருங்கள். வகுப்பில், புண்படாமல், காரணத்தோடு மறுக்கும் வாக்கியங்கள்தான் கைவசம் இல்லை. அவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். என் வகுப்புச் சுவரில் ஒட்டியிருப்பவை இவை: “நீ சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?” “எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?” “அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.” “எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால்…” “நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்.” கடைசி வாக்கியத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி என்று பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். பட்டிமன்றத்தில் அணி மாற முடியாது, கலந்துரையாடலில் மாறலாம். அதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்று ஆண்டின் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஏரிப் பத்திக்குத் திரும்புவோம். வகுப்பு முழுவதற்கும் நான் வைத்த கேள்வி: மேலூர்க்காரர்கள் கலங்கலை உயர்த்தலாமா? இதற்குப் பத்தியில் நேரடி விடை இல்லை. ஆனால் பத்தியைப் படிக்காமல் விடை சொல்லவும் முடியாது. கலந்துரையாடலுக்கு ஏற்ற கேள்விக்கு இந்த இரண்டு குணமும் வேண்டும். “தண்ணீரைச் சேமிப்பது நல்லதா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். “ஆயக்கட்டு என்றால் என்ன?” என்று கேட்டால் ஒரு விடைதான்.

முதலில் “அவர்கள் ஏரி, அவர்கள் இஷ்டம்” என்றான் ஒருவன். “கீழ் ஏரிக்குத் தண்ணீர் தாமதமாகும்” என்று மறுப்பு வந்தது. “மழை நன்றாகப் பெய்தால் இரண்டும் நிறையும்” என்று அதற்கு மறுப்பு. வாதம் இப்படியே சுற்றிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசை மாணவி, “கரையை உடைக்காமல் என்று எழுதியிருக்கிறது” என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். நான் விரல் மடக்கிக் காத்தேன். அவள் தொடர்ந்தாள்: “கலங்கல் கரையைவிடத் தாழ்வாக இருப்பதால்தான் கரை உடைவதில்லை. கலங்கலை உயர்த்தினால் அந்த இடைவெளி குறையும். பெருமழை வந்தால் மேலூர்க் கரைக்குத்தான் ஆபத்து.” அவர்கள் நன்மைக்காகச் செய்வது அவர்களுக்கே கேடாகலாம் என்பதை இரண்டே சொல்லிலிருந்து எடுத்தாள். “அவர்கள் இஷ்டம்” என்ற மாணவன் சுவரைப் பார்த்து, கடைசி வாக்கியத்தைப் படித்தான்.

எல்லா நாளும் இப்படி அமைவதில்லை. இந்த முறையிலேயே ஒரு ஆபத்து உண்டு: நான்கு வேலைகளும் சடங்காகிவிடும். ‘சுருக்குபவர்’, ‘கேட்பவர்’ என்று அட்டை எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒவ்வொருவரும் தன் பங்கை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தால் பழைய வகுப்புதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும். அட்டைகளை முதல் இரண்டு வாரத்தோடு எடுத்துவைத்துவிடுங்கள். புரியாத இடம் இல்லாத பத்தியில் தெளிவாக்க எதுவும் இல்லை என்று சொல்ல மாணவருக்கு உரிமை வேண்டும்.

பலனையும் மிகைப்படுத்தாமல் பார்க்க வேண்டும். ரோசன்ஷைன், மைஸ்டர் இருவரும் 1994இல் இந்த முறை பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். முன்னேற்றத்தை, இந்த முறையில் படித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியை மதிப்பெண்களின் பரவலோடு ஒப்பிட்டு அளந்தார்கள். ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் அதன் இடைநிலை அளவு 0.88, பொதுவான தரப்படுத்திய தேர்வுகளில் 0.32. முதலாவது பெரியது, இரண்டாவது சிறியது என்றாலும் பயனுள்ளது. பழகிய வகைப் பத்தியில் நிறைய வளர்கிறார்கள், புதுவகைத் தேர்வில் ஓரளவு வளர்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மாயமந்திரம் எதிர்பார்த்து இறங்குபவர்கள் ஒரு மாதத்தில் விட்டுவிடுவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

படிக்க எதைக் கொடுப்பது? முதல் ஆதாரம் பாடப்புத்தகமே. அதிலும் தமிழ்ப் பாடத்தைவிட அறிவியல், சமூக அறிவியல் பத்திகள் இதற்கு இன்னும் பொருந்தும். அங்கேதான் ‘இதனால்’, ‘எனினும்’ எல்லாம் நெருக்கமாக வருகின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை மாணவர்களுக்காக வெளியிடும் ‘தேன்சிட்டு’ இதழ் உயர்நிலைக்கு முந்தைய வகுப்புகளுக்கு நன்றாக உதவும். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன. வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு அவமானம் இல்லாமல் ‘நட’ நூலைக் கொடுத்து, அதே நான்கு வேலைகளைச் செய்யச் சொல்லலாம். லாப நோக்கமில்லாத சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிட்டுக் கொடுக்கத் தடையில்லை. செய்தித்தாளின் நடுப்பக்கக் கட்டுரை பத்தாம் வகுப்புக்கு ஏற்றது, ஆனால் முழுவதையும் கொடுக்காதீர்கள். 120 முதல் 150 சொல், அதில் ஒரு நல்ல முடிச்சு. ஒரு பாடவேளைக்கு அவ்வளவு போதும். அமைவது கிடைக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சந்தை, ரேஷன் கடை, பஸ் நிலையம் எதைப் பற்றியும் பத்து வரி எழுத உங்களால் முடியும். அதில் ஒரு ‘ஆனால்’ இருந்தால் போதும்.

தொடங்கும் வாரத்தில் நான்கையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டாம். முதல் மூன்று நாள் நீங்களே ஒரு பத்தியை உரக்கப் படித்து, உங்கள் மனத்தில் ஓடுவதைப் பேசிக் காட்டுங்கள்: “இங்கே ‘அது’ என்று வருகிறது, எது என்று எனக்குத் தெரியவில்லை, மேலே போய்ப் பார்க்கிறேன்.” ஆசிரியருக்கும் புரியாத இடம் வரும், அவரும் திரும்பிப் போய்ப் படிப்பார் என்பது பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. நான்காம் நாள் சுருக்குவதை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். அடுத்த வாரம் தெளிவாக்குவது. கேள்வியும் ஊகமும் அதற்கடுத்து. ஐம்பது பேர் கொண்ட வகுப்பில் பன்னிரண்டு குழுவையும் ஒரே நாளில் கவனிக்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு குழுவின் பக்கத்தில் மட்டும் உட்காருங்கள். மற்றவை சத்தம் போடும். எந்த நாளில் எந்தக் குழு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் ஆறு பாடவேளையில் ஒரு சுற்று முடிந்துவிடும். குழுவின் பக்கத்தில் நின்றபடி குனியாதீர்கள், ஒரு ஸ்டூல் எடுத்துக்கொள்ளுங்கள். கண்மட்டத்தில் இருக்கும் ஆசிரியரை மறந்துவிட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசத் தொடங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.